காசிமேடு முதல் எண்ணூர் வரை: வேலை நேரம் பார்த்து ஒரு கேமரா நடை

கேமரா நடைக்குக் கிளம்புகிறவர்கள் பொதுவாக வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் குறிப்பார்கள். விடிந்ததும் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம், நடுவில் காபி. மயிலாப்பூருக்கும் மாமல்லபுரத்துக்கும் அந்தக் கணக்கு சரி. வடசென்னைக்கு ஒத்துவராது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், சாத்தாங்காடு, எண்ணூர் என்று வடக்கே நீளும் இந்தக் கரையில் படம் கிடைப்பது வேலை நடக்கிற நேரத்தில்தான். ஏலம் முடிந்த பிறகு காசிமேட்டில் எவ்வளவு அழகாக வெயில் விழுந்தாலும் கழுவிவிட்ட சிமென்ட் தரையைத்தான் எடுக்க முடியும். அதனால் இந்த நடையின் நேரத்தை மீன் ஏலமும் லாரி லோடும்தான் தீர்மானிக்கின்றன. வெளிச்சம் எப்படி வாய்க்கிறதோ அதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

ஹவானா, சான் யுவான், வில்லெம்ஸ்டாட் போன்ற கரீபியன் துறைமுக ஊர்களில் வழிகாட்டியோடு போகும் கேமரா நடை ஒரு தொழிலாகவே நடக்கிறது. அங்கே வண்ணம் பூசிய பழைய வீட்டு முகப்புகளும் கோட்டைச் சுவர்களும்தான் படம். சென்னையில் அப்படிப் பூசி மெழுகி வைத்த தெரு கிடைக்காது. துறைமுகம் இன்னும் ஓய்வு பெறவில்லை. சுற்றியிருக்கும் பழைய கட்டடங்களிலும் யாராவது வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.   

கிளம்புவதற்கு முன்

சனிக்கிழமை போங்கள். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சில்லறைக்கு மீன் வாங்க வரும் கூட்டத்தில் கேமராவைத் தூக்கவே இடம் இருக்காது. சாத்தாங்காட்டிலோ அன்றைக்குக் கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். சனிக்கிழமை இரண்டும் நடக்கும்.

மாதத்தையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் ஏலம் சுரத்தில்லாமல் இருக்கும். ஆனால் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது, வலை பிரித்துச் சீர்செய்வது எல்லாம் பகலிலேயே, அவசரமில்லாமல் நடக்கும். புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு ஏலத்தைவிட இதுதான் சுலபம் என்பேன். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கடலுக்குப் போகாது. நீங்களும் போக வேண்டாம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. முழுவதையும் நடந்தே தீருவேன் என்று வீம்பு பிடிக்காதீர்கள். நடக்க வேண்டிய இடத்தில் நடந்து, மற்ற இடங்களில் மெட்ரோ, ஷேர் ஆட்டோ, மின்சார ரயில் என்று தாண்டிவிடலாம்.

ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும். 35 மில்லிமீட்டர் அல்லது 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 திறக்கும் லென்ஸாக இருந்தால் நல்லது. நீளமான ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கத்தான் அது உதவும். இந்த ஊரில் உங்களை முதலில் சந்தேகப்பட வைப்பதும் அதுதான். நல்ல செல்போன் இருந்தாலும் நடையில் சேர்ந்துகொள்ளலாம், குறை ஒன்றுமில்லை. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். உப்புக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். காலில் பழைய ரப்பர் செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள மூடிய ஷூ போடுங்கள்; காலையில் மீன் தண்ணீரில் வழுக்கும், மதியம் இரும்புச் சில் குத்தும்.

எதை எடுக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகத்தின் வாயில்களும் மதிலும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கின்றன. கேட், சோதனைச் சாவடி, எண்ணெய்க் கிடங்கு, அனல்மின் நிலைய வாசல் இவற்றுக்கு எதிரே நின்று கேமராவை நீட்டாதீர்கள். ட்ரோனை மறந்துவிடுங்கள். யாராவது சீருடைக்காரர் நிறுத்தினால் வாதாட வேண்டாம். படத்தைக் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள், அடுத்த தெருவுக்குப் போங்கள். வடசென்னையில் அடுத்த தெருவுக்குப் பஞ்சமில்லை.

காசிமேடு: விடிவதற்கு முன்

1970களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கி 1984இல் முடிந்த மீன்பிடித் துறைமுகம் இது. வங்கக் கடலில் சில நாள் தங்கிப் பிடிக்கிற விசைப்படகுகளும், போன அன்றே திரும்புகிற ஃபைபர் படகுகளும் இங்கேதான் வந்து அணைகின்றன. மொத்த ஏலம் நள்ளிரவு தாண்டியதுமே சூடு பிடித்துவிடும். நாலு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். ஆறு மணிக்குப் போய், “என்னங்க, கூட்டமே இல்லையே” என்று கேட்கிறவர்களைப் பார்த்து ஐஸ் உடைக்கிறவர் சிரிப்பார்.

உள்ளே போனதும் கேமராவை எடுக்காதீர்கள். முதலில் ஒரு டீ. கண் பழகட்டும், ஆள் பழகட்டும். அந்த அரை மணி நேரத்தில் வேலையின் ஒழுங்கு புரிந்துவிடும். படகிலிருந்து கூடை கூடையாக இறக்குகிறார்கள். தரையில் கொட்டி வகை பிரிக்கிறார்கள். ஏலம் விடுகிறவர் குவியல் குவியலாக நகர்ந்துகொண்டே விலையைக் கூவுகிறார். சுற்றி நிற்கும் வியாபாரிகளில் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை, தலையசைப்போடு சரி. குவியல் கைமாறியதும் ஐஸ் விழுகிறது, பெட்டி மூடுகிறது, மீன்பாடி வண்டி ஓரமாக வந்து நிற்கிறது. ஒரு குவியலுக்கு இவ்வளவும் சில நிமிடம்தான். மூன்று குவியலைச் சும்மா பார்த்தால் நாலாவதில் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்: ஏலம் விடுகிறவருக்கு எதிரே, வாங்குகிறவர்களின் தோளுக்குப் பின்னால், தூக்குகிறவர்கள் போகும் பாதையை விட்டு விலகி. தலையில் கூடையோடு வருகிறவர் நிற்க மாட்டார். நீங்கள்தான் ஒதுங்க வேண்டும்.

இங்கே வெளிச்சம் ஒரு தினுசு. வெள்ளை எல்ஈடி ஒரு பக்கம், மஞ்சள் விளக்கு இன்னொரு பக்கம், படகில் எரிவது வேறு. தானியங்கி வெள்ளைச் சமநிலை தடுமாறும். ஆகவே ரா கோப்பாக எடுத்து வீட்டில் சரி செய்துகொள்வது உத்தமம். ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400 வைக்கத் தயங்காதீர்கள்; கொஞ்சம் மணல் மணலாக வந்தாலும் பரவாயில்லை. ஷட்டர் வேகம் 1/125க்குக் கீழே போனால் ஏலக்காரரின் கை கலங்கிவிடும். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஆட்களுக்கு எரிச்சல் என்பது ஒரு பக்கம். மீனின் செதிலில் பட்டுத் திரும்பி வஞ்சிரமும் சூரையும் வெள்ளைத் தகரமாகத் தெரியும். பக்கத்து விளக்கை மீனுக்குப் பின்னால் வருமாறு வைத்துக்கொண்டு குனிந்து எடுங்கள். ஈரத் தரை பாதி வேலையைச் செய்துவிடும்.

பெண்களின் வேலைதான் இங்கே அதிகம் கவனிக்கப்படாதது. ஏலத்தில் எடுத்த கூடையை நாலைந்து பேர் பங்கு போட்டுக்கொள்கிற இடத்தைத் தேடிப் போங்கள். கைப்பிடி கைப்பிடியாக இறாலைப் பிரிக்கும்போது ஒருத்தி கையும் இன்னொருத்தி கண்ணும் ஒரே குவியலின் மேல் இருக்கும். எந்த ஏலப் படத்தைவிடவும் அது நல்ல படம். மீன் வெட்டுகிறவர்கள் கொஞ்சம் தள்ளி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே, “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். “எதுல போடுவ?” என்று பதில் கேள்வி வரும். உண்மையைச் சொல்லுங்கள். “வேணாம்பா” என்றால் வேண்டாம்தான். இரண்டாம் தரம் கேட்காதீர்கள். ஒரு கிலோ சங்கராவோ கடம்பாவோ வாங்கிக்கொண்டு நின்றால் பேச்சு இன்னும் எளிதாக ஓடும். ஆனால் மீனை நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்டு எடுப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1876-78 பஞ்சத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் மாகாணத்தில் எலும்பும் தோலுமான மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டிய படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருக்கிறவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை. அவர்கள் அலங்காரம்போல அடுக்கப்பட்டிருக்கிறார்கள். பிற்பாடு பர்மாவில் மரண தண்டனை நிறைவேறும் கணத்தைப் படம் எடுத்ததற்காக 1886இல் அதே ஹூப்பர் மீது விசாரணையும் நடந்தது. கேமராவின் அளவு சுருங்கிவிட்டது, அந்தப் பழக்கம் முழுசாகச் சுருங்கவில்லை. இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறவர் எம். பழனிகுமார். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் ஆண்டுக்கணக்கில் போய்ப் போய்ப் பழகி எடுத்தவர். அவர் படங்களைப் பார்த்துவிட்டு இந்த நடைக்கு வாருங்கள். ஒருவரை எவ்வளவு அருகில் நின்று எடுக்கலாம், அந்த அருகாமையை எப்படிச் சம்பாதிக்க வேண்டும் என்பது தெரியும்.

கல் கொட்டிய கரை

ஐந்தரை வாக்கில் துறைமுகத்தை விட்டு வடக்கே கடலோரம் வாருங்கள். சூரிய உதயம் மே கடைசியில் 5.40ஐ ஒட்டி, ஜனவரியில் 6.30ஐத் தாண்டி. உதயம் கடலுக்கு மேல் என்பதால் எல்லாரும் செம்பந்தை எடுப்பார்கள். நீங்கள் கீழே கிடக்கும் கற்களைப் பாருங்கள்.

மெரினாவில் அவ்வளவு மணல் இருப்பதற்கும் இங்கே மணலே இல்லாததற்கும் காரணம் ஒன்றுதான். இந்தக் கடற்கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி அலைதடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டியதும் அந்த மணல் தெற்கே தேங்கியது. அப்படி அகன்றதுதான் மெரினா. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களும் வீடுகளும் போயின. பிறகு பாறாங்கற்களைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இந்தக் கதையை ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரலாம். கல்வரிசையைக் குறுக்காக வைத்து, ஓரத்தில் ஒரு வீட்டுச் சுவரையும் மறு ஓரத்தில் அலையையும் நிறுத்துங்கள். 1/15 நொடி கொடுத்தால் அலை இழை இழையாகக் கசியும், கல் அசையாது. கற்கள் மேல் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்குகள் ஆழமானவை.

ராயபுரம்

ஏழு மணிக்குள் ராயபுரம் ரயில் நிலையம். 1856 ஜூன் 28ஆம் தேதி ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. பம்பாயிலும் தாணேயிலும் இருந்த அசல் கட்டடங்கள் இப்போது இல்லாததால், இந்தியாவில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் பழையது இதுதான். 1873இல் சென்ட்ரல் வந்த பிறகு மவுசு குறைந்தது. 2005இல் பழுது பார்த்தார்கள்.

முகப்பில் உள்ள தூண் வரிசைக்குக் காலை வெயில் பக்கவாட்டில் விழும். தூணின் உருட்சி தெரிவது அப்போதுதான். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் பின்னால் விழுவதுபோல் தெரியும். தள்ளி நின்று மட்டமாக எடுத்து, மேலே தேவையானதை வைத்துக்கொண்டு கீழே வெட்டிவிடலாம். நடைமேடையில் எடுப்பதற்கு முன் நிலைய அதிகாரியிடம் ஒரு வார்த்தை. வெறும் தூணை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடுகிற ஒருவர் கூட இல்லாவிட்டால் அது அஞ்சல் அட்டைதான்.

பக்கத்திலேயே மீனவர்களும் படகோட்டிகளும் தலைமுறையாக வந்து தொழும் புனித இராயப்பர் ஆலயம். துறைமுகம் வருமுன் கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆணி இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தார்கள். அந்தப் படகோட்டிகளின் கோயில் இது. மேற்கு மாதா கோயில் தெருவில் 1910இல் கட்டிய பார்சி அகியாரி (நெருப்புக் கோயில்) இருக்கிறது, தமிழ்நாட்டில் ஒரே ஒன்று. பார்சிகள் அல்லாதவர் உள்ளே போகக் கூடாது. தெருவிலிருந்து வாசலை எடுத்துக்கொண்டு நகருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசித் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதையை வழியில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். கேளுங்கள், ஆனால் எடுப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல் உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது.

உட்கூடத்துப் படம் வேண்டுமென்றால் கேரம் கிளப் ஒன்றைக் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் சந்துக்கு ஒன்று இருக்கும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். பலகைக்கு மேல் தாழத் தொங்கும் ஒரே விளக்கு, பவுடர் படிந்த விரல், இருட்டில் நாலு முகம். கஷ்டமே படாமல் கிடைக்கும் வெளிச்சம். ஆனால் ஸ்டிரைக்கரைக் குறிபார்க்கும்போது ஷட்டர் சத்தம் கேட்டால் துரத்திவிடுவார்கள். ஓசையற்ற ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லி மருத்துவமனை வழியாக வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு நடக்கலாம். மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த மருத்துவமனை என்பதால் வயதானவர்கள் இன்னும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். நோயாளிகளை எடுக்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும்.

தேரடி

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ, தண்டையார்பேட்டையைத் தாண்டி மேலேறும். சன்னல் வழியே ஒரு பக்கம் கூரைகளும் அதற்கப்பால் கடலும் தெரியும். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். மதியம் போகப் போகிற பகுதியின் நில அமைப்பு புரியும். திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால் தியாகராஜர் கோயில், மக்களுக்கு வடிவுடையம்மன் கோயில்.

தேவார மூவரும் பாடிய தலம். சுந்தரர் சங்கிலியாரை மகிழமரத்தடியில் மணந்த இடம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவில் கவசத்துக்குள் இருக்கிறார்; கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் விலகும். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுத்த விமானம் யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாடம். இந்த வளைவைப் பிராகாரத்தின் பின்பக்கம் நின்றால்தான் பார்க்க முடியும், பெரும்பாலோர் பார்க்காமலே திரும்புகிறார்கள். சன்னிதியில் படம் எடுக்கக் கூடாது. வெளிப் பிராகாரத்துக்கும் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மறுத்துவிட்டால் வருத்தமில்லை, தேரடித் தெருவில் பூக்கட்டுகிறவர்களே போதும். நடை சாத்தும் நேரத்துக்குள் முடித்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

சாத்தாங்காடு: உச்சி வெயிலில் இரும்பு

உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்கு மதியம் ஒரு மணிக்கு மேல்தான் போக வேண்டும். காலையில் வந்த சரக்கு இறங்கி, வாங்கியவர்களின் வண்டிகள் ஏற்றத் தொடங்கியிருக்கும். வெயில் நேர் மேலிருந்து விழுவதால் சுருள் சுருளாக அடுக்கிய தகட்டின் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாக மின்னும். மேகமூட்டமான நாளில் எல்லாம் சாம்பல் பூசினாற்போல் தட்டையாகிவிடும்.

ஜார்ஜ் டவுன் சந்துகளில் இருந்த இரும்பு மொத்த வியாபாரத்தை நெரிசல் தாங்காமல் வெளியே கொண்டுவரச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த சந்தை இது. துறைமுகம் ஒரு பக்கம், மணலித் தொழிற்சாலைகள் இன்னொரு பக்கம், அருகே சரக்கு ரயில் பாதை. இடத்தேர்வில் குறை சொல்ல முடியாது. ஒரு காலத்தில் படகில் சரக்கு போன பக்கிங்காம் கால்வாய் இந்தப் பகுதியில் கறுத்துக் கிடக்கிறது. திருவொற்றியூரிலிருந்து மணலிப் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில், “இரும்பு மார்க்கெட்” என்றால் போதும்.

முதலில் ஒரு கடை முதலாளியிடமோ மேஸ்திரியிடமோ பேசி அனுமதி வாங்குங்கள். ஒருவர் சம்மதித்தால் அந்த யார்டுக்குள் மட்டும் எடுங்கள், பக்கத்து யார்டு வேறு ஆளுடையது. கணக்கு வழக்கு, எடைச் சீட்டு, வண்டி எண் இவை படத்தில் விழுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

உள்ளே என்ன எடுப்பது? ஹைட்ரா கிரேன் ஒன்று சங்கிலியில் கோத்து ஒரு கட்டு ஆங்கிளைத் தூக்குகிறது. கட்டு லேசாகச் சுழல ஆரம்பிக்கும். கீழே நிற்கும் லோடுமேன் நுனியில் ஒரு கை மட்டும் வைத்து, தள்ளாமல் இழுக்காமல், சுழற்சியை நிறுத்துவார். டன் கணக்கில் இரும்பு, ஒரு உள்ளங்கை. டிரைவருக்கு அவர் காட்டும் சைகை இன்னும் அழகு: விரல் சுழன்றால் மேலே, உள்ளங்கை கவிழ்ந்தால் மெதுவாகக் கீழே, முஷ்டி மூடினால் நில். இந்தக் கைகளைத் தொடர்ந்து ஆறேழு படம் எடுத்தாலே ஒரு வரிசை அமைந்துவிடும். கிரேனின் கைக்கு அடியிலும் சங்கிலிக்கு நேராகவும் ஒருபோதும் நிற்காதீர்கள். கட்டு ஆடினால் எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்து, அதற்கும் வெளியே நில்லுங்கள். பின்னால் டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும். இருவராகப் போனால் ஒருவர் எடுக்கும்போது மற்றவர் முதுகைக் கவனிக்கட்டும்.

ஒளியளவு இங்கே ஏமாற்றும். பளபளக்கும் ஜிங்க் ஷீட் சட்டத்தை நிறைத்தால் கேமரா பயந்து படத்தை இருட்டாக்கிவிடும், ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கறுப்புக் கம்பிக் குவியலில் இதற்கு நேர்மாறு, அரைப் படி குறையுங்கள். கேஸ் கட்டிங் நடக்கும் இடத்தில் பொறிக்குக் குறைந்தது பத்தடி தள்ளி நின்று, பின்புலம் இருட்டாக வரும் கோணத்தில் 1/30 வைத்தால் பொறி கோடு கோடாக விழும். வெல்டிங் வேறு சமாச்சாரம். அந்த ஒளியை எஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி வழியாக நேரே பார்த்தால் கண் கெடும். வெல்டரின் உடம்பு ஒளியை மறைக்கிற பக்கம் போய் நின்றுகொள்ளுங்கள். காற்றில் இரும்புத் தூள் பறக்கும், லென்ஸ் கழற்றாதீர்கள் என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

வெளியே வந்தால் லாரிகள். வடமாநிலப் பதிவெண் கொண்ட டிரெய்லர்கள் லோடுக்காகக் காத்துக் கிடக்கும். வண்டிக்கு அடியில் தூளி கட்டித் தூங்குகிறவர், ஸ்டவ்வில் ரொட்டி சுடுகிறவர், பக்கவாட்டுப் பலகையில் எழுதிய ஊர்ப் பெயரும் சாமி படமும். தூங்குகிறவரை எடுக்காதீர்கள், கேட்க முடியாது என்பதுதான் காரணம். விழித்திருப்பவரிடம் அரைகுறை இந்தியில் பேசினாலும் சமையலுக்கு நடுவே உட்காரச் சொல்வார். வடசென்னை என்றாலே மீனும் கானாவும் குத்துச்சண்டையும்தான் என்று சினிமா பார்த்து வருகிறவர்களுக்கு இந்த டிரைவர்கள் கண்ணில் படுவதே இல்லை. என்னைக் கேட்டால் இந்த நடையின் சிறந்த உருவப்படங்கள் இங்கேதான் இருக்கின்றன.

முகத்துவாரம்

நாலரைக்கு மேல் திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலைப் பிடித்து எண்ணூரில் இறங்குங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆற்றுக்கு அப்பால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஓய்வில்லாமல் நிற்கின்றன. இதே கழிவெளியில் படமாக்கிய பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் ‘புறம்போக்கு’ பாடல் 2017இல் வெளிவந்தபோதுதான் தென்சென்னையில் பலருக்கு இந்த இடம் இருப்பதே தெரிந்தது. அதே ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் படகு, வலை, சதுப்புச் செடி எல்லாவற்றிலும் ஒட்டியது.

இங்கே சூரியன் நிலப்பக்கம், கழிவெளிக்கு மேல் மறையும். புகைபோக்கியும் செவ்வானமும் சேர்ந்தால் படம் தானாக அழகாகிவிடும், அதுதான் சிக்கல். அந்த அழகில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கிறவர் ஒரு கறுப்புப் புள்ளியாகிப் போவார். சூரியனை முதுகுக்கு விட்டுத் திரும்பி நில்லுங்கள். மறையும் வெயில் அவர் முகத்தில் படட்டும். புகைபோக்கி பின்னால் சின்னதாக இருந்தால் போதும். சேற்றில் இறங்காதீர்கள், ஆழம் தெரியாது. ரயில் பாலத்தில் ஏறாதீர்கள். இருட்டுவதற்குள் நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

படம் எடுத்த பிறகு

எடுத்ததில் பன்னிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் இடம், தேதி, நடக்கிற வேலை இவற்றைத் தமிழில் எழுதுங்கள்: ‘காசிமேடு, ஏலத்துக்குப் பின் இறால் பங்கு பிரிக்கிறார்கள்’ என்பது போல. ‘வறுமையின் நிறம்’, ‘உழைப்பின் வியர்வை’ மாதிரித் தலைப்புகள் யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. முகம் தெரிகிற படமானால் 4க்கு 6 அளவில் பிரதி போட்டு, அடுத்த சனிக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மீன் வெட்டுகிற அக்கா அதே இடத்தில்தான் இருப்பார். லாரி டிரைவர் இருக்க மாட்டார், அவருக்குச் செல்போனிலேயே அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.